அங்கே மணி என்ன?

என் கணவருக்கு நைரோபியில் ஆறு மாத உத்தியோகம். "எழுத்து வேலையை அங்கிருந்தே பார்த்து அனுப்பம்மா, கம்ப்யூட்டர் எதற்கு இருக்கிறது?" என்று ஆசிரியர் தாராளமாக உத்தரவு கொடுத்துவிட்டார். மூட்டை கட்டினேன்.

ஆப்பிரிக்கா என்றால் வெயில்தானே என்று கம்பளியைப் பெருந்துறையிலேயே விட்டுவந்தது என் அசட்டுத்தனம். நைரோபி குன்னூரைப்போல மேட்டு ஊர். காலையில் பல் கிட்டுகிறது! மற்றபடி அந்நியமாக இல்லை. தேநீருக்கு 'சாய்' என்றே பெயர், சப்பாத்தியும் சப்பாத்திதான். 1896-ல் ஆரம்பித்த ரயில் பாதை வேலைக்கு நம் நாட்டவர் ஆயிரக்கணக்கில் வந்த ஊர் அல்லவா?

சென்னை ஆபீஸில் ஒன்பதரை என்றால் இங்கே ஏழு. சுவாஹிலி பேசுவோர் அதையே 'மணி ஒன்று' என்பார்கள். விடிந்ததிலிருந்து எண்ணுவது அவர்கள் வழக்கம். மூன்று கணக்கும் எனக்கு அத்துப்படி. தொடர்கதை புரூப் ஒரு நாளும் தாமதித்ததில்லை.

ஆனால், அம்மா வழுக்கி விழுந்து கையில் கட்டுப் போட்ட சேதி நாலு நாள் கழித்தே தெரிந்தது.

"ஏம்மா சொல்லலே?"

"உனக்கு ஆபீஸ் நேரமா இருக்குமோன்னு இருந்துட்டேன், அம்மிணி. அங்கே மணி என்னன்னு எனக்கென்ன தெரியும்?"

ஆபீஸுக்குக் கணக்குச் சொன்ன நான், அம்மாவுக்குச் சொல்லவே இல்லை! அன்றே பக்கத்து வீட்டுப் பையனைக்கொண்டு அவள் சுவரில் இன்னொரு கடிகாரம் மாட்டச் சொன்னேன், இரண்டரை மணி பின்தள்ளி.

மறுநாளே போன் வந்தது.

"அங்கே நாலரை ஆச்சே அம்மிணி, காப்பி குடிச்சியா?"