பாம்பின் மொழி பேசிய பையன்

இரண்டாம் பாகம் என்று பெயர் தாங்கி வரும் கதைநூல்களின் மீது எனக்கு நெடுநாளாக நல்லெண்ணம் இருந்ததில்லை. முதற்பாகம் நன்றாக விற்றுவிட்டது என்பதைத் தவிர, அவை பிறப்பதற்கு வேறு காரணம் பெரும்பாலும் புலப்படுவதில்லை. பழைய பாத்திரங்களே மீண்டும் வருவார்கள். பழைய தீயவனே புதிய தலைப்பாகை கட்டிக்கொண்டு வருவான். சிறுவர்க்கென எழுதப்படும் மாயாஜாலக் கதைகளில் இந்நோய் இன்னுங் கடுமையானது. இவ்விதிக்கு விலக்காக நான் கண்ட ஒரு நூலைப் பற்றியே இன்று எழுத விரும்புகிறேன்.

நூல் உலகறிந்தது. ஜே. கே. ரோலிங் என்னும் ஆங்கிலப் பெண் எழுத்தாளர், ஹரி பொட்டர் என்ற சிறுவனின் முதற் கதையை 1997இல் வெளியிட்டார். 1998 ஜூலையில் அதன் தொடர்ச்சி வந்தது. ‘ஹரி பொட்டரும் இரகசிய அறையும்’ என்று அதன் பெயரைத் தமிழிற் சொல்லலாம். முதற்பாகம் மந்திரவித்தை பயிற்றும் ஒரு பாடசாலையைச் சுற்றிக் காட்டும் கதை. இரண்டாம் பாகமோ, மாயாஜாலச் சட்டை அணிந்த அசல் துப்பறியுங் கதை. பாடசாலையில் யாரோ மாணவர்களைத் தாக்குகிறார்கள். தாக்குண்டவர்கள் கல்லாய்ச் சமைந்து கிடக்கிறார்கள். செய்தவர் யார்? ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னும் இதே கொடுமை நடந்ததாமே, அன்று செய்தவர் யார்?

கல்முனைக்குடியிலுள்ள எங்கள் வீட்டில் இந்த இரண்டாம் பாகம் மட்டுமே இருந்தது. 2003இல் கொழும்புக்குச் சென்றபோது இரண்டு பாகங்களையும் வாங்கிவந்தேன். அப்போது நான் ஆங்கில ஆசிரியன். மாணவரை ஆசைகாட்டி இழுக்க ஏதேனும் வேண்டியிருந்தது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் ஊருக்குள் வந்தது. இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் எங்கள் அம்பாறைதான். அத்தகைய நாளிற் புத்தகங்கள் போனதைப் பற்றி யாரும் வாய்திறக்க மாட்டார்கள், நானும் திறக்கவில்லை. சில மாதங்களின் பின் சம்மாந்துறையிலிருந்து மாணவன் ஒருவன் தேடிவந்து, இரண்டாம் பாகத்தை என் கையில் வைத்தான். இரவல் வாங்கியதை நெடுநாள் திருப்பித் தராதிருந்ததற்காக மிகவும் வெட்கப்பட்டான். இரவலைக் காலத்தில் திருப்பாத மாணவர்களால் உலகத்துக்கு நன்மையும் உண்டு என்று அன்று அறிந்தேன்.

அந்தப் புத்தகம் பதினான்கு ஆண்டுகள் அலமாரியிற் கிடந்தது. அதை மீண்டும் எடுக்க நேர்ந்தது 2019இல்.

அவ்வாண்டு ஏப்ரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, தேவாலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் நிகழ்த்தப்பட்ட குண்டுவெடிப்புகளில் 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். எங்களுக்கு வடக்கே மட்டக்களப்பில், சீயோன் தேவாலயத்தில் மாண்டவருட் பல குழந்தைகள். ஐந்து நாட்களின் பின், 26ஆந் திகதி இரவு, எங்கள் அயலூராகிய சாய்ந்தமருதில் அக்கூட்டத்தவர் மறைந்திருந்த வீடு சுற்றிவளைக்கப்பட்டது. அவர்கள் தம்மையும் தம் குழந்தைகளையும் வெடிவைத்து அழித்துக்கொண்டனர். அச்சத்தம் எங்கள் வீட்டுச் சுவர்களுக்கும் கேட்டது. அதன்பின் ஊரடங்கு, வீடுவீடாகத் தேடுதல். முகநூல் முடக்கப்பட்டிருந்தது. பாடசாலைகள் பூட்டிக் கிடந்தன. அவை திறக்கும் முன் நோன்பு விடுமுறையும் வந்துவிட்டது.

என் தங்கையின் மகனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. கைத்தொலைபேசியிற் பார்க்க ஒன்றுமில்லை; வீதியில் விளையாட விடுவாரில்லை. அசருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரம் நோன்பாளிக்கு நீண்ட நேரம். சிறுவனாயின் இன்னும் நீண்டது. அந்நேரத்தைப் போக்க இப்புத்தகத்தை எடுத்தேன். ஆங்கிலத்தை வாசித்து, பக்கத்துக்குப் பக்கம் தமிழிற் சொல்லிக்கொண்டு போனேன். தங்கை முதலில் இணங்கவில்லை. “நோன்பு காலத்தில சூனியக் கதையா நானா?” என்று கேட்டாள். அது நியாயமான கேள்விதான். சூனியம் எங்களிடையே விளையாட்டுச் சொல் அன்று. “இரண்டு நாள் நீயும் கேட்டுப்பார், பிறகு நிறுத்துவதா என்று சொல்” என்றேன். மூன்றாம் நாள் அவள் கஞ்சிச் சட்டியை அடுப்பில் விட்டுவிட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அடி பிடித்த கஞ்சியைக் குடித்தோம்.

முதற்பாகம் தெரியாத பையனுக்கு இக்கதை விளங்குமா என்று ஐயுற்றேன். விளங்கிற்று. முந்திய கதையில் இன்றியமையாதவற்றைத் தொடக்க அத்தியாயங்களிலேயே ஆசிரியை சொல்லிவிடுகிறார். சற்று அதிகமாகவே சொல்லிவிடுகிறார் என்பது என் எண்ணம். எச்சரிக்கை செய்ய வரும் வேலைக்காரக் குட்டிப்பூதம் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும் இடங்களையும் குறைத்திருக்கலாம். பையன் ஒத்துக்கொள்ளவில்லை, அவனுக்கு அதுவே பிடித்திருந்தது. தன் வீரப்பிரதாபங்களைத் தானே எழுதி, அவற்றையே பாடநூலாக்கி மாணவரை வாங்கச் செய்யும் ஆசிரியர் ஒருவரும் வருகிறார். இத்தகையவரைக் காண இங்கிலாந்து வரை போகவேண்டியதில்லை.

நிற்க. கதையின் நடுவே ஒரு காட்சி. மாணவர் இருவர் எதிரெதிரே நின்று மந்திரப் போர் பழகும்போது, மல்போய் என்னும் செருக்குள்ள பையன் ஒரு பாம்பை வரவழைக்கிறான். அது சீறிக்கொண்டு இன்னொரு மாணவனை நோக்கிச் செல்கிறது. ஹரி அதைப் பார்த்து, “அவனை விட்டுவிடு” என்கிறான், பாம்பு அடங்குகிறது. ஒருவனைக் காப்பாற்றினோம் என்று மகிழ்ந்து நிமிர்ந்து பார்த்தால், மண்டபம் முழுவதும் அவனை அச்சத்தோடு பார்க்கிறது. தன் காதுக்கு அவன் பேசியது சாதாரண மொழி. மற்றவர் காதுக்குக் கேட்டதோ பாம்பின் சீறல். அவன் பாம்பை ஏவிவிட்டான் என்றே எல்லாரும் எண்ணுகிறார்கள். அன்றுமுதல் அவன் வரும் நடைவழியில் மாணவர் ஒதுங்குகிறார்கள். நூலகத்தில் அவன் பெயரை இரகசியமாகப் பேசுகிறார்கள்.

பையன் என்னை நிறுத்தினான். “மாமா, சுலைமான் நபிக்கும் எறும்புட பேச்சு விளங்கினதுதானே? பறவைட பேச்சும் தெரியுந்தானே? அது அல்லாஹ் குடுத்த வரம் எண்டுதானே ஓதிக்கிட்டம்? இவன மட்டும் ஏன் கெட்டவன் எண்டு சொல்ற?”

எறும்பின் பேச்சைக் கேட்டு அந்நபி புன்னகைத்த செய்தி திருக்குர்ஆனில் இருக்கிறது. அந்த அத்தியாயத்தின் பெயரே எறும்பு. மந்திரவாதப் பாடசாலையை அந்தப் பக்கத்திலிருந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அவன் கேள்விக்கு அன்று நான் நேரான விடை சொல்லவில்லை. ஒரு வாரத்துள் விடை வேறு வழியாக வந்தது.

என் உம்மாவிடம் பழைய கிதாபு ஒன்று உண்டு, அறபுத்தமிழில் அச்சிட்டது. இளைய வாசகருக்காகச் சொல்கிறேன்: அறபுத்தமிழ் என்பது தமிழ்மொழியை அறபு எழுத்தில் எழுதும் முறை. இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் எங்கள் பாட்டிமார் பலர் தமிழை அவ்வெழுத்திலேதான் வாசிக்கக் கற்றார்கள். கண்ணாற் பார்த்தால் அது அறபு. வாய்விட்டு வாசித்தால் சுத்தத் தமிழ். அக்காலத்தில் அறபு எழுத்துள்ள எப்புத்தகத்தையும் வீட்டில் வைத்திருக்க மக்கள் அஞ்சினார்கள். பழைய கிதாபுகள் மண்ணுக்குள் போனதாகப் பேச்சு அடிபட்டது. தங்கையும் உம்மாவின் கிதாபை எங்கேனும் ஒளிக்கலாம் என்றாள். உம்மா சம்மதிக்கவில்லை. அவருக்கு எண்பது வயதுக்கு மேல். ஒளிக்கவேண்டிய எதையும் தாம் வாசித்ததில்லை என்றார்.

தேடுதலுக்கு வந்தவர்கள் கண்ணியமாகவே நடந்துகொண்டார்கள். எல்லா வீடுகளிலும் அவ்வாறு எளிதாக முடிந்தது என்று நான் சொல்லவில்லை. அவர்களுள் ஒருவர் அந்தக் கிதாபைத் தூக்கி, “இது என்ன?” என்று கொச்சைத் தமிழிற் கேட்டார். “தமிழ்” என்றான் பையன். அவர் எழுத்தைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். பொய் சொல்லுகிறான் என்று அவர் எண்ணியதில் வியப்பில்லை. அப்பொழுது உம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கிதாபை வாங்கி, உரக்க வாசித்தார். தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒழுங்கைப் பற்றிய பகுதி அது. கை, முழங்கை, கணுக்கால் என்ற சொற்கள் அவருக்கும் விளங்கின. சிறிது நேரம் கேட்டுவிட்டு, போதும் என்று கையசைத்தார். மேசையில் அதற்கு அருகே கிடந்த ஹரி பொட்டரை எவரும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. சூனியம் முழுவதும் அதற்குள்தான் இருந்தது.

அன்று மாலை பையன் முந்திய அத்தியாயத்தையே மறுபடி வாசிக்கச் சொன்னான்.

இவ்வளவோடு நின்றிருந்தால், சந்தேகிக்கப்பட்ட நல்லவன் ஒருவனின் சோகக்கதை என்று இந்நூலைப் பாராட்டிவிட்டுப் போயிருப்பேன். இது அதனினும் நேர்மையான நூல். சந்தேகிக்கப்படும் ஹரியே இன்னொருவனைச் சந்தேகிக்கிறான். தூய இரத்தம், சேற்று இரத்தம் என்று குலம்பேசித் திரியும் மல்போய்தான் குற்றவாளி என்று அவனும் நண்பர்களும் முடிவுகட்டுகிறார்கள். ஒரு மாதம் மருந்து காய்ச்சி, உருமாறிப் போய் ஒட்டுக்கேட்கிறார்கள். கிடைத்த விடை: குற்றத்தைச் செய்தவன் அவனல்லன். பின்னர், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பாடசாலையிலிருந்து விலக்கப்பட்ட ஒருவரின் மீது ஐயம் திரும்புகிறது. ஏதாவது செய்ததாகக் காட்டவேண்டும் என்பதற்காகவே மந்திரி வந்து அவரைச் சிறைக்கு அனுப்புகிறார். பெரியவர்கள் அவசரத்தில் செய்யும் இச்செயலைச் சிறுவர் நூலில் இவ்வளவு துணிவாக எழுதியது என்னைக் கவர்ந்தது. உண்மையான குற்றவாளி யார் என்பதை நான் சொல்லப்போவதில்லை. இன்னும் படிக்காத பிள்ளைகள் இதை வாசிக்கக்கூடும்.

சந்தேகமே தீது என்று இந்நூல் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். சாய்ந்தமருது வீட்டில் புதிதாகக் குடிவந்தோர் மீது ஐயங்கொண்டு அதிகாரிகளுக்கு அறிவித்தவர்கள் அவ்வூர் மக்களே. அந்த ஐயம் எத்தனையோ உயிர்களைக் காத்தது. ஆனால் அதே கிழமையில், எங்கள் தெருவில் பல ஆண்டுகளாகத் துணி விற்றுவந்த வெளியூர் வியாபாரியை யாரும் திண்ணையில் இருத்தவில்லை. அவர் முகத்தை மறந்தவர்போல் நாங்களும் கதவைச் சாத்தினோம். முன்னது பார்த்துக் கேட்டு விசாரித்தபின் எழுந்தது. பின்னது வெறும் பயத்தில் எழுந்தது.

துப்பறியுங் கதையின் தொழிலே பார்த்து விசாரிப்பதுதான். ரோலிங் அம்மையார் தடயங்களை ஒளிவின்றி வைக்கிறார்; நாம்தான் காணாமற் போகிறோம். பாடசாலைத் தோட்டத்திலே சேவல்கள் ஒவ்வொன்றாகச் செத்துக் கிடக்கின்றன. சிலந்திகள் வரிசைகட்டி வெளியே ஓடுகின்றன. சுவருக்குள் ஒரு குரல் ஹரிக்கு மட்டும் கேட்கிறது. தாக்குண்டவர் எவரும் சாகவில்லை, கல்லாய்த்தான் சமைந்தார்கள், ஏன்? ஒருவன் கையில் புகைப்படக்கருவி இருந்தது; தரையிலே தண்ணீர் தேங்கியிருந்தது. எல்லாவற்றையும் முன்னே பரப்பிவைத்துவிட்டு, சேற்று இரத்தம் என்று ஏசப்பட்ட பெண்பிள்ளையைக் கொண்டே அவற்றைக் கோக்கச் செய்கிறார். சேவல் செத்ததைக் கேட்டதும் உம்மா மட்டும், “அப்ப அது கூவினா ஆருக்கோ ஆபத்து” என்றார். சேவல் கூவினால் அது மலக்கைக் கண்டுவிட்டது, அல்லாஹ்விடம் அருளைக் கேளுங்கள் என்பது எங்கள் வீடுகளிற் பிள்ளைகளுக்குச் சொல்லும் ஹதீஸ். ஆங்கில வாசகர் பலர் இருநூறு பக்கத்தின் பின் காணுவதை அவர் பாயிலிருந்தபடியே கண்டுவிட்டார்.

நோன்பின் கடைசிப் பத்தில் அந்த இடத்துக்கு வந்தோம். ஹரியை முதலிற் குற்றஞ்சாட்டித் திரிந்த ஏர்னி என்ற மாணவன், செடிவளர்க்கும் கண்ணாடி வீட்டில் எல்லார் முன்னிலையிலும் அவனிடம் வந்து கையை நீட்டுகிறான். உன்னைச் சந்தேகித்தது என் தவறு என்கிறான். பையன் இதை இரண்டுமுறை வாசிக்கச் சொன்னான். எனக்கும் மனம் இளகிற்று. அடுத்த வரிகளையும் வாசித்தேன். மன்னிப்புக் கேட்ட அதே மூச்சில், அப்படியானால் மல்போய்தான் செய்திருப்பான் என்கிறான் ஏர்னி. இல்லை என்று ஹரி உறுதியாகச் சொல்கிறான்.

இறுதி அத்தியாயம் முடிந்தது. பாங்கு சொல்லச் சிறிது நேரம் இருந்தது. உம்மா பேரீச்சம்பழத் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். பையன் புத்தகத்தை வாங்கிப் பின்பக்கமாகப் புரட்டினான்.

“ஹரிக்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்க. ஹரி மல்போய்க்கிட்ட கேட்டானா மாமா?”

நான் நினைவுபடுத்திப் பார்த்தேன். “இல்லை” என்றேன். “ஆனால் மல்போய் கெட்டவன்தானே?”

“கெட்டவன்தான். ஆனா இத அவன் செய்யல்லயே.”