ஏரி ரொம்பிய ஐப்பசி

ஐப்பசி பிறந்தால் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. மழை வேண்டாம் என்பது அப்பா கட்சி; இன்னும் பெய்யட்டும் என்பது தாத்தா கட்சி. பள்ளிக்கூடம் லீவு விடுவார்கள் என்பதால் நான் எப்போதும் தாத்தா பக்கம்தான்.

தாத்தா என்றால் அம்மாவின் பெரியப்பா. பாலாற்றுக்கு அந்தப் பக்கம், மாமண்டூர் ஏரிப் பாசனத்தில் இரண்டு காணி நிலம். கிச்சிலிச் சம்பா அரிசி மூட்டையோடு வந்தவாசி பஸ்ஸில் வந்திறங்கி, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவுக்குள் நுழையும்போதே சுருட்டும் வைக்கோலும் கலந்த வாசனை அவருக்கு முன்னால் வந்துவிடும். அந்த ஏரி பல்லவர் காலத்தது, சித்திரமேகத் தடாகம் என்பது பழைய பெயர். அதை அவர் சொல்கிற தோரணையில், மகேந்திரவர்மன் ஏதோ அவருடைய பங்காளி என்றே ரொம்ப நாள் நம்பியிருந்தேன்.

அவர் கொண்டுவரும் அரிசிக்கு எங்கள் வீட்டில் இரண்டு வயிறு. விடிவதற்கு முன்னால் தெருநீளத்துக்குப் பாவு விரிப்பார்கள். மூன்று சேலைக்கான பட்டிழையை இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி போட்டு, கையால் நீவிக்கொண்டே போவார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலை முடியவேண்டும் என்று பெரியவர்கள் பேச்சு மூச்சில்லாமல் நடக்க, கஞ்சி வாசனையும் சாயத்தின் நெடியும் எதிர்வீட்டு ஆயா தெளிக்கும் சாணித்தண்ணியும் சேர்ந்து என்னை எழுப்பும். பாவுக்குப் போகத்தான் எனக்குக் கஞ்சி. பட்டுநூல்மேல் எனக்குப் பொறாமை வந்தது அப்படித்தான்.

மழை பிடித்துக்கொண்டால் பாவு விரிக்கத் தெரு கிடையாது. தறிக்குழியில் தண்ணி ஊறும், கூலி நின்றுபோகும். அப்பா திண்ணையில் உட்கார்ந்து வானத்தைத் திட்டுவார். அந்த நேரம் பார்த்துத்தான் தாத்தா கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு சொட்டச் சொட்ட வந்து நிற்பார்.

"ஏரி கோடி போவுது மாப்ள!"

"இங்க தறிக்குழியே கோடி போவுது மாமா."

அம்மா இரண்டு பேருக்கும் சுக்குக் காப்பி கொடுத்து வாயை அடைப்பாள்.

ஒரு வருஷம் மழையே இல்லை. தறி ஓயாமல் ஓடியதில் அப்பாவுக்கு முதலில் சந்தோஷம்தான். தையில் ஏரிக்குள் ஆடு மேய்ந்தது. தாத்தா வெறும் பையோடு வந்தார். கடை அரிசி விலை ஏறிக்கொண்டே போனது. அண்ணா எங்கள் ஊர்க்காரர். 1967-ல் முதலமைச்சரானதும் ரூபாய்க்கு ஒரு படி அரிசியை முதலில் சென்னைக்கும் கோவைக்கும்தான் கொடுத்தார் என்பதில் எங்கள் திண்ணைகளுக்கு ஒரு செல்லக் கோபம் உண்டு. அது அந்த வருஷம் நிஜக் கோபமாகவே ஆகிவிட்டது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அறுப்பு இல்லாத கிராமங்களில் கல்யாணங்கள் தள்ளிப்போக, கடையில் சேலை தேங்கி, முதலாளி அடுத்த பாவு தராமல் இழுத்தடித்தார். அதற்கப்புறமும் அப்பா மழையைத் திட்டினார்தான். ஆனால் குரலைத் தணித்துக்கொண்டு.

அப்படி ஓய்ந்திருந்த ஒரு மத்தியானம், மூலையில் கிடந்த பட்டுநூலைத் தாத்தா கையில் எடுத்துப் பார்த்தார்.

"இந்தப் பூச்சி இன்னா துன்னும்?"

"முசுக்கொட்டை இலை."

"அத்த எவன் பயிர் வைக்கிறான்?"

"மைசூர்ப் பக்கத்து விவசாயிங்க."

"அங்க மழை பொய்ச்சாலும் உனக்குத் தறி நிக்கும்னு சொல்லு" என்றார். அப்பா பதில் பேசாமல் வெற்றிலைக்குக் காம்பு கிள்ளினார்.

அடுத்த ஐப்பசி ஏரி ரொம்பியது. அறுப்பு முடிந்ததும், மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்கத் தாத்தா வந்தார். முதலாளி கடையில் அரக்கு உடம்பில் பச்சைக் கரை போட்ட சேலையை விரித்து விலை சொன்னார்கள். தாத்தா விரலை மடக்கி, ரூபாயை நெல்லாக மாற்றிப் பார்த்துவிட்டு, "ஆறு மூட்டையா!" என்று எழுந்தேவிட்டார்.

"மாமா, அது நான் நெஞ்ச சேல" என்றார் அப்பா மெதுவாக.

தாத்தா மறுபடி உட்கார்ந்து கரையைத் தடவிப் பார்த்தார். "அப்ப இதுல இருக்கற கஞ்சி எங்க ஊட்டு அரிசி. அதுக்கு எவ்ளோ தள்ளுவீங்க?"

முதலாளி சிரித்தாரே தவிர, காலணா தள்ளவில்லை. ஒரு ரவிக்கைத் துண்டு மட்டும் சும்மா கொடுத்தார். அதை யார் தைத்துப் போட்டுக்கொள்வது என்று அம்மாவுக்கும் சித்திக்கும் மூண்ட சண்டை, அந்தக் கல்யாணப் பந்தல் பிரித்த பிறகும் நடந்தது.