ஹால் விளக்கும் ஒரு திருகும்

போன மாதம் வீட்டில் விளக்குகளை மாற்றியதைப் பற்றி வாக்கிங் நண்பர்கள் இருவர் விசாரித்தார்கள். அரண்மனைப் பக்கம் நின்றுகொண்டே சொல்லி முடிக்கிற விஷயமில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

ராமநாதபுரத்தில் 2009-ல் வீடு கட்டியபோது, துபாயில் இருந்த மகன் ஆசைப்பட்டு ஹாலுக்கும் நடைக்கும் ஃபால்ஸ் சீலிங் போடச் சொன்னான். அதற்குள் பதித்தவை 12 ஹாலஜன் விளக்குகள், ஒவ்வொன்றும் 50 வாட். தினம் நாலு மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதக் கணக்கில் 144 யூனிட். நம் மின்வாரியக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101 முதல் 200 வரைக்கான சலுகை விலையும் சேர்ந்து போய்விடும். சித்திரை, வைகாசியில் இந்த விளக்குகளே எங்களைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடும். அவற்றின் கீழே உட்கார்ந்தால் தலை சுடுவது தனி.

ஆனாலும் பில்லுக்காக நான் மாற்றவில்லை. என் மனைவிக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனபிறகு, ராத்திரி எழுந்தால் நடை விளக்கைப் போடவே மாட்டாள். "முகத்துல அடிக்குதுங்க, அப்புறம் தூக்கமே வரமாட்டேங்குது" என்பாள். சுவரைத் தடவிக்கொண்டு இருட்டிலேயே பாத்ரூம் போவாள். எங்கள் தெருவில் ஒரு அம்மா அப்படிப் போய் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, பிறகு எழுந்து நடமாடவே இல்லை. தினமும் அந்தக் காலடிச் சத்தம் திரும்பி வந்து கட்டில் கிறீச்சிடும் வரை நான் விழித்தே கிடப்பேன்.

அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், இருபது வயதில் போனதில் மூன்றில் ஒரு பங்குதான் என்கிறார்கள். படிக்க நமக்கு அதிக வெளிச்சம் வேண்டும். நடு ராத்திரியில் அதே வெளிச்சம் ஆகாது. நாங்கள் சிறுவர்களாகப் பாம்பனில் இருந்தபோது அரிக்கேன் விளக்கில் இதற்கு வழி இருந்தது. படிக்கும்போது திரியை ஏற்று, படுக்கும்போது இறக்கு. ராமேஸ்வரம் பள்ளிவாசல் தெருவில் அப்துல் கலாம் இரவு 11 மணி வரை படிக்க அவருடைய தாயார் தனியாக ஒரு சிறு மண்ணெண்ணெய் விளக்கு கொடுத்ததை அவரே எழுதியிருக்கிறார். கரண்ட் வந்தபிறகு ஒன்று முழு வெளிச்சம், இல்லையென்றால் ஜீரோ வாட் பல்பு. (பெயர்தான் ஜீரோ. பழைய குண்டு பல்பு 15 வாட் வரை இழுக்கும்.)

வந்த எலக்ட்ரீஷியன் தம்பி கெட்டிக்காரர். சீலிங்கிலிருந்து ஒரு விளக்கை இறக்கிக் காட்டினார். உப்புக் காற்றில் பின்கள் பச்சைக் களிம்பு பிடித்துக் கிடந்தன. 12 வோல்ட்டுக்கு இறக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மரின் திருகுகள் துருவேறிப் போயிருந்தன. "இதை வச்சுக்கிட்டு எல்இடி போட்டா சரிவராது சார், மினுங்கும், நேரா 230-லயே போட்டுருவோம்" என்றார். அது சரிதான். 50 வாட்டுக்குச் செய்த டிரான்ஸ்ஃபார்மருக்கு 7 வாட் சுமை போதாது.

சிக்கல் டிம்மரில்தான். வீட்டு டிம்மர் மின்னழுத்தத்தைக் குறைப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது நொடிக்கு நூறு தடவை மின்னலையில் ஒரு துண்டை வெட்டி எறிகிறது. குண்டு பல்பின் இழை சூட்டிலேயே இருப்பதால் அந்த வெட்டு நமக்குத் தெரியாது. எல்இடிக்குள் இருக்கும் டிரைவர் அதைப் புரிந்துகொள்ளும்படி செய்யப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் துடிக்கும், முனகும், பாதியில் அணையும். கடைக்காரர் "எல்லா எல்இடியும் டிம் ஆகும்" என்று அடித்துச் சொன்னார். பெட்டியில் அப்படி ஒரு எழுத்தும் இல்லை. ஒன்றே ஒன்று மட்டும் வாங்கி மாட்டிப் பார்த்தோம். காத்தடிக்கும் மெழுகுவத்தி போல ஆடியது. திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

டிம்மர் எல்இடிக்கு உரியதா என்பதையும் பார்க்க வேண்டும். பழைய டிம்மர்கள் பலவற்றுக்குக் குறைந்தது 40, 60 வாட்டாவது சுமை வேண்டும். எங்கள் நடையின் நாலு விளக்கும் சேர்த்தே 28 வாட்தான். ஃபேன் ரெகுலேட்டரை மாட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கடைசியில் மதுரையிலிருந்து பொருத்தமான ஜோடி வந்தது. இன்வெர்ட்டர் சைன் வேவ் வகை என்பதால் கரண்ட் போனாலும் முனகவில்லை. 12 விளக்குக்கும் சேர்த்து இப்போது இரண்டு மாதத்துக்கு 20 யூனிட்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. உஜாலா திட்டத்துக்காக மத்திய அரசு நிறுவனம் 2014-ல் 310 ரூபாய்க்கு வாங்கிய எல்இடி பல்பை, 2016-ல் 38 ரூபாய்க்கு வாங்கியது. நாடு முழுக்க 36 கோடிக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள். அந்த மலிவு இந்த டிம்மர் வகைக்கு இன்னும் வரவில்லை. சாதாரண விளக்கைவிட நன்றாகவே கூடுதல். அதனால் ஹாலிலும் நடையிலும் மட்டும் போட்டோம். சமையலறைக்கு வேண்டாம், மீன் ஆய முழு வெளிச்சம்தான் வேண்டும்.

நிறம் 3000 கெல்வின், கொஞ்சம் மஞ்சள். மகன் போனில் பேசும்போது, செல்போனிலேயே கூட்டிக் குறைக்கிற சுவிட்ச் அனுப்புகிறேன் என்றான். "திருகு போதும்ப்பா" என்றாள் அவன் அம்மா. படுக்கப் போகுமுன் அவள்தான் அதைத் திருகிக் குறைத்து வைக்கிறாள், தரையின் ஓடு தெரிகிற அளவுக்கு.