யார் குடியிருக்கப் போறாங்க?

மீன் தொட்டி வச்சிருக்கிற எல்லாருக்கும் ஒருநாள் இந்த ஆசை வரும்: உள்ள ஒரு பாறை இருந்தா எப்படி இருக்கும்? கடைக்குப் போனா, உள்ளங்கை அளவு ரெசின் பாறையோட விலையைக் கேட்டே நாம கல்லாகிடுவோம். நிஜக் கல்லைத் தூக்கிப் போடலாம்தான். ஆனா நமக்கு வேணுங்கிற குகையும் பொந்தும் அதுல இருக்காது. அதனால போன செமஸ்டர் லீவுல என் தம்பி தொட்டிக்கு நானே ஒண்ணு செஞ்சேன். நீங்களும் செய்யலாம். ஒரே ஒரு இடத்துல மட்டும் அவசரப்படக் கூடாது, அவ்வளவுதான்.

தொட்டி ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம். சுமார் 40 லிட்டர். வரப்போறது ஆறு கப்பி மீன். பாறைக்கு உள்கூடு, டிவி பெட்டியில வந்த தெர்மாகோல். மேல்தோல், சிமென்ட்.

முதல் சிக்கல் முதல் வருஷ ஃபிசிக்ஸ். ஒரு லிட்டர் கன அளவு தெர்மாகோல் சுமார் 20 கிராம்தான் இருக்கும். ஆனா அது விலக்குற தண்ணி ஒரு கிலோ. என் பாறை மூணு லிட்டர். அப்போ கிட்டத்தட்ட மூணு கிலோ விசை அதை மேல தள்ளும். இதுக்கு உள்பக்கத்தை நல்லாக் குடைஞ்சு, அடியில தண்ணி நுழைய வழி விடணும். அப்புறம், தொட்டி காலியா இருக்கும்போதே சிலிக்கான் வச்சுக் கண்ணாடியோட ஒட்டிடணும். பூஞ்சை தடுக்குற மருந்து கலந்த பாத்ரூம் சிலிக்கான் மட்டும் வேண்டாம். மீனுக்கு ஆகாது.

வெட்டுறதுக்கு கட்டர், சொரசொரப்புக்கு கம்பி பிரஷ். மெழுகுவர்த்தியில காட்டி உருக்காதீங்க, அந்தப் புகை நல்லதில்ல. பெயின்ட் ஸ்ப்ரேயும் வேண்டாம், அதுல இருக்கிற கரைப்பான் தெர்மாகோலைத் தின்னுடும்.

பொந்து போடும்போது கொஞ்சம் யோசிங்க. கப்பி முட்டை போடாது, நேரா குட்டி போடும். போட்ட குட்டியைத் தானே தின்னும். அதனால குட்டி மட்டும் நுழையற மாதிரி பென்சில் கனத்துக்கும் குறைவா சில துளை, பெரிய மீன் தாராளமா நீந்திப் போற மாதிரி ரெண்டு வழி உள்ள ஒரு குகை. ரெண்டுக்கும் நடுவுல உள்ள சைஸ்தான் ஆபத்து. உள்ள போன மீன் திரும்ப முடியாம மாட்டிக்கும்.

இந்தக் கணக்கு எனக்கு அப்பாகிட்ட இருந்து வந்தது. அப்பா கொத்தனார். எந்த வீட்டுக்குப் படி கட்டினாலும், "வீட்டுல வயசானவங்க இருக்காங்களா?"ன்னு கேட்டுட்டுதான் படியோட உயரத்தை முடிவு பண்ணுவார்.

சிமென்ட் பூச்சும் அவர் சொன்னபடிதான். கையில கிளவுஸ் கட்டாயம். முதல் பூச்சு தோசை மாவு பதம், ஒவ்வொரு பொந்துக்குள்ளயும் பிரஷ் போகணும். அடுத்த ரெண்டும் சலிச்ச மணல் சேர்த்துக் கெட்டியா. மணல்மேல கொஞ்சம் வினிகர் ஊத்திப் பாருங்க. பொங்கினா அதுல சிப்பித்தூள் இருக்கு, தண்ணியோட கடினத்தன்மையைக் கூட்டும். தெர்மாகோல் எங்கயும் வெளியே தெரியக் கூடாது, மீன் கொத்தித் தின்னும். ஒவ்வொரு பூச்சுக்கும் ஈரச் சாக்கு போட்டு மூடுங்க. "சிமென்ட் காயறதில்லம்மா, வேகுது. தண்ணி இல்லன்னா வேகாது"ன்னார். நம்ம புத்தகத்துல ஹைட்ரேஷன்னு ரெண்டு பக்கம் போட்டிருக்கிறதும் இதேதான்.

பத்தாம் நாள் பாறை நிஜமாவே பாறை மாதிரி இருந்துச்சு. தம்பி தட்டிப் பார்த்துட்டு, "அக்கா, ஞாயித்துக்கிழமை கொளத்தூர் போய் மீன் வாங்கிடலாமா?"ன்னான். பொங்கலுக்கு சித்தி பசங்க வர்றாங்க, அதுக்குள்ள தொட்டி ரெடியாகணும்னு அவனுக்கு.

நான் சொன்ன அந்த ஒரு இடம் இதுதான்.

சிமென்ட் தண்ணியோட வினை புரியும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உருவாகுது. சுண்ணாம்புதான். அது கரைஞ்ச தண்ணியோட பி.ஹெச். 12-ஐத் தாண்டும். வீட்டுக்கு இது வரம். கான்கிரீட்டுக்குள்ள இருக்கிற கம்பி துருப்பிடிக்காம இருக்கிறதே இந்தக் காரத்தன்மையாலதான். அதே குணம் மீனுக்கு எமன். காரம் நேரா செவுளைச் சுடறது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அம்மோனியா. மீனோட கழிவுல வர்ற அம்மோனியா, பி.ஹெச். 7-ல பெரும்பாலும் அம்மோனியம் அயனியா, அவ்வளவு தீங்கில்லாம இருக்கும். 25 டிகிரி தண்ணியில விஷமான வடிவம் 1 சதவீதம்கூட இருக்காது. பி.ஹெச். 8-ல சுமார் 5 சதவீதம். 9-ல மூணுல ஒரு பங்குக்கும் மேல. கழிவு அதேதான், விஷம் மட்டும் ஏறிக்கிட்டே போகும். தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவாத்தான் இருக்கும்.

அதனால ரெண்டு வாளி வச்சோம். ரெண்டுலயும் ஒரே குழாய்த் தண்ணி, ஒண்ணுல மட்டும் பாறை. ரெண்டு நாளைக்கு ஒருதரம் ரெண்டையும் டெஸ்ட் பண்ணிட்டு, தண்ணியை மாத்தணும். முதல் டெஸ்ட்லயே பாறை வாளி, கலர் அட்டையோட கடைசிக் கட்டத்துக்குப் போயிடுச்சு. தம்பி அதைப் பார்த்தான். அப்புறம் ஞாயித்துக்கிழமை பேச்சை எடுக்கவே இல்ல.

பொங்கல் வந்துச்சு. சித்தி பசங்க காலி தொட்டியையும், வாளிக்குள்ள ஒரு பாறையையும் பார்த்துச் சிரிச்சுட்டுப் போனாங்க. நான் ஹாஸ்டல் திரும்பிட்டேன். வாளி வேலை தம்பி கைக்குப் போச்சு. ரெண்டு நாளைக்கு ஒருதரம் வாட்ஸப்ல ரெண்டு டெஸ்ட் டியூப் போட்டோ வரும், தேதியோட. அவன் ஸ்கூல் நோட்டுல தேதி போட்டு நான் பார்த்ததே இல்ல. ஆறாவது வாரம்தான் ரெண்டு டியூபும் ஒரே கலர். அப்பவும் அவனே, "இன்னும் ரெண்டு தடவை பார்த்துக்கலாம்க்கா"ன்னான்.

இப்ப ஆறு கப்பியும் நல்லா இருக்கு. போன வாரம் ராத்திரி போன் டார்ச்சைப் பொந்துக்குள்ள அடிச்சு ஒரு வீடியோ அனுப்பினான். ஊசிமுனை மாதிரி கண்ணு, மூணு ஜோடி. தாய் மீன் வெளியே சுத்திக்கிட்டு இருக்கு, உள்ள வர முடியல.

நாம இன்ஜினியரிங் படிக்கிறோம். நாளைக்குப் பாலமோ, சர்க்யூட்டோ, ஆப்போ எதையாவது செய்யப் போறோம். வெளியில இருந்து பார்க்கிறவங்களுக்கு அது பத்தாம் நாளே ரெடியான மாதிரி தெரியும். உள்ள இருக்கப் போறவங்களுக்கு அது எப்ப ரெடின்னு வாளித் தண்ணியை டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும். பாறை செஞ்சீங்கன்னா மறக்காம ரெண்டாவது வாளியையும் வைங்க.