கதவுதான் விசிட்டிங் கார்டு! - தாம்பரம் சாலையில் ஒரு காலை

காலையில் தாம்பரம் ஜி.எஸ்.டி சாலையோரம் நின்றால், கண்ணுக்கு முன்னே எழுத்துகள் ஓடும். மஞ்சள் பலகையில் கறுப்பாக ‘டி.என் 11’, தாம்பரத்தின் பதிவெண். லாரி நெற்றியில் ‘நேஷனல் பெர்மிட்’. முன்னும் பின்னும் எழுதியே ஆக வேண்டும், அது சட்டத்துக்காக. குலசாமி, பிள்ளைகள் பெயர்... அது மனசுக்காக.

2005-ல் அறிமுகமான டாடா ஏஸ், நம்மூர் ‘குட்டி யானை’. அதன் கதவிலிருக்கும் போன் நம்பர்தான் பிழைப்புக்காக. அவசர லோடு அனுப்புபவர், முன்பின் தெரியாதவரை நம்பி பொருளை ஒப்படைக்க வேண்டும். பெரிய கம்பெனிக்கு விளம்பரம் உண்டு. ஒற்றை வண்டிக்காரருக்குக் கதவு மட்டும்தான். அதில் ஓர் எண் அழிந்தாலும் ஒரு லோடு போச்சு!

அடுத்தமுறை சிக்னலில் நிற்கும்போது அந்தக் கதவைக் கொஞ்சம் படியுங்கள்.