நாம் அணைத்த விளக்கு

சில ஆண்டுகளுக்கு முன்னர், கோலாலம்பூரில் ஒரு வணிக மாளிகையின் மேல்மாடியில் நிழற்பாவைக் கூத்து நடைபெறுவதாகக் கேள்வியுற்று, பேரனை அழைத்துக்கொண்டு சென்றிருந்தோம். உடன் வந்தவர் ஒரு முதியவர். நாம் பிறந்த தோட்டத்தில் அர்ச்சுனன் தபசுக்கு மத்தளம் வாசித்தவர். தோட்டம் கைமாறி, பால்மரம் போய்ச் செம்பனை வந்தபின் பட்டணம் புகுந்து, அதே மாளிகையில் இரவுக் காவல் பார்த்து வந்தார். "அண்ணே, நீங்களும் வாருங்கள்" என்றோம். காவற்சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.

அன்பர்களே! கிளந்தான் நிழற்பாவைக் கூத்தை நம்மவரிற் பலர் கண்டதில்லை. ஆயினும் அது நமக்கு அந்நியமானதன்று. மாட்டுத்தோலில் வெட்டிய பாவைகள், ஒரு வெள்ளைத் திரை, ஒரு விளக்கு, இவ்வளவே முதல். தோக் டாலாங் எனப்படும் ஆட்டுவிப்போர் ஒருவரே அத்தனை பாத்திரங்களுக்கும் குரல் கொடுப்பார். செருணாய் என்னும் குழல் நமது நாகசுரத்துக்குத் தம்பி முறை. கதையோ இராமகதை. இராமன் அங்கே செரி ராமா. இராவணன் மகாராஜா வானா. வாய்வழியே வளர்ந்த கதையாதலால், கம்பன் அறியாத கிளைக்கதைகள் அதில் ஏராளம்.

அன்று திரையில் வந்தவன் இராவணன் அல்லன். 1977-இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் கருங்கவச வில்லன் டார்த் வேடர்! தலைக்கவசம் அவனுடையது, உடலெங்கும் கிளந்தான் சித்திர வேலை. பெயர் ‘சங்கலா வேடே’. விண்ணிற் போரிடும் இளைஞனுக்கு ‘பெரந்தாவ் லங்கிட்’, அதாவது வான்வழிப்போக்கன் என்று பெயர். குட்டி இயந்திரம் ‘ஆ தூ’ ஆகிவிட்டது. டிண்டோய் சுவோ என்னும் ஓவியர், பாக் டாயின் என்னும் கிளந்தான் தோக் டாலாங்குடன் கூடி ஆக்கிய இக்கூத்து 2013-இல் அரங்கேறியது.

பேரனுக்கு அப்போது பத்து வயது. பாவைக்கூத்தென்று ஒன்று உண்டென்பதையே அறியாதவன், அந்நிழலைக் கண்டதும் "தாத்தா, டார்த் வேடர்!" என்று கூவினான். பெரியவரோ அப்படத்தின் பெயரையே கேட்டவரல்லர். பாவை திரைக்குள் சாய்ந்து நுழைந்த மிடுக்கைப் பார்த்து, "இராவணன் வருகிறான், பார்" என்றார். இருவர் சொன்னதும் பொருந்தித்தான் இருந்தது.

நிற்க. நமக்கு ஒரு நெருடலும் உண்டாயிற்று. செரி ராமாவுக்கு உடைமையாளர் எவருமில்லை; தோல் வெட்டத் தெரிந்த எவனும் அவனை ஆட்டுவிக்கலாம். கருங்கவச வில்லனுக்கோ முதலாளி உண்டு. அவனைப் படைத்த நிறுவனத்தை 2012-இல் வால்ட் டிஸ்னி கம்பெனி ஏறக்குறைய 400 கோடி அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. சட்டையிலும் பொம்மையிலும் உலகெங்கும் விற்கப்படும் முகம் அது. அதைக் கடன் வாங்கினால்தான் ஊர்க்கூத்துக்குக் கூட்டம் சேருமென்றால், அது வருந்தத்தக்கதே. மறுபுறம், அந்தக் கம்பெனி முகம் திரைக்கு வந்ததும் திரையின் விதிக்கல்லவா கட்டுப்படுகிறது! பக்கவாட்டில் நிற்கிறது; ஒற்றைக் கையை அசைக்கிறது; தோக் டாலாங்கின் தொண்டையிற் பேசுகிறது. கடன்பட்டவர் யாரென்று நம்மால் தீர்ப்புச் சொல்ல இயலவில்லை. கைதட்டினோம்.

திரும்புகையில் பெரியவர் சொன்னார்: "தம்பி, நாங்களும் இதைத்தானே கேட்டோம்?"

அவர் சொன்னது 1971-ஆம் ஆண்டு நிகழ்ச்சி. மனிதன் நிலாவில் கால்வைத்து இரண்டாண்டு ஆகியிருந்தது. கூத்து வாத்தியாருக்கு ஒரு யோசனை: தபசு மரத்துக்குத் தகரம் சுற்றி விண்கலமாக்கி, அர்ச்சுனனைக் கைலாயத்துக்கு ஏற்றுவது! பால் வாளி ஒன்றைக் கவிழ்த்து வெள்ளித்தாள் ஒட்டித் தலைக்கவசமும் செய்துவிட்டார்கள். மண்டபச் சாவி தோட்டத்து இளைஞர் மன்றத்திடம் இருந்தது. மன்றச் செயலாளர் நாமே. நாம் சிரித்தோம். மூடக்கதைக்கு விண்கலம் ஒரு கேடா என்று கேட்டோம். மண்டபம் தர மறுத்து, அன்றிரவு சினிமாப் படம் காட்டினோம். அதன்பின் அத்தோட்டத்தில் கூத்து நடக்கவில்லை. அரிதாரப் பெட்டியும் கிரீடங்களும் பள்ளிக்கூடத்துப் பின்கொட்டகையிற் கரையானுக்கு இரையாயின.

கூத்தில் மூடத்தனம் இல்லையென்று இன்றும் நாம் சொல்லமாட்டோம். ஆனால் வாளியைக் கவிழ்த்தவர்கள் நம்மைவிட முன்னே பார்த்தார்கள். 1990-களில் கிளந்தானில் பாவைக்கூத்துக்கு ஆட்சியாளர் தடைவிதித்த செய்தி கேட்டு, ஊர் ஊராய்ப் பேசிக் கண்டித்தோம். நம் தோட்டத்தில் தடைவிதித்தவர் யாரென்பது அப்போது நினைவுக்கு வரவேயில்லை.

"அண்ணே, தவறு நம்முடையது" என்றோம். அவர் அதற்கு மறுமொழி சொல்லாமல், வண்டியின் முன்பலகையில் விரலால் தாளம் போட்டு, அர்ச்சுனன் வரவுப் பாட்டைத் தொடங்கினார். பேரன் கைப்பேசியிற் பதிவு செய்தான். மூன்றாம் அடியில் நின்றுவிட்டது. "மிச்சம் வாத்தியாருக்குத் தெரியும்" என்றார். வாத்தியார் காலமாகி வெகுநாளாயிற்று.

தோட்டங்களில் அர்ச்சுனன் தபசு ஆடியவர்களோ, பாட்டுப் புத்தகம் வைத்திருப்போரோ எவரேனும் இதனைப் படிக்க நேரின், அந்த வரவுப் பாட்டை முழுமையாக எழுதியனுப்புமாறு வேண்டுகிறோம். பெரியவருக்கு இப்போது எண்பத்திரண்டு வயது.