கை காயும் வரை

ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தையின் தோல் வெங்காயச் சருகு மாதிரி இருக்கும். பச்சிளம் குழந்தைகள் வார்டில் 30 வருஷம் நர்ஸாக இருந்தவள் நான். அந்தத் தோலைத் தொடும்போது விரல் இன்றும் தயங்கும்.

ஒரு ராத்திரி மூன்று மணிக்கு குழந்தைகளைக் கதகதப்பாக வைக்கும் இரண்டு வார்மர்களில் அலாரம் அடித்தது. ஒரு குழந்தையின் காலில் நழுவிய ப்ரோபை மாட்டிவிட்டு, அதே கையோடு பக்கத்துக் குழந்தையின் டிரிப்பைத் தொட்டேன். வாஷ்பேசின் வாசலோரம் இருந்தது, பத்து எட்டு. போகவில்லை. மூன்றாம் நாள் அந்தக் குழந்தை பால் குடிக்காமல் துவண்டது. பச்சைக்குழந்தைக்குக் கிருமி ஏறினால் காய்ச்சல் வந்தே தீரும் என்பதில்லை. பல நேரம் உடம்பு சில்லிட்டுப் போகும். ரத்தத்தில் க்ளெப்சியெல்லா என்ற கிருமி. பதினான்கு நாள் ஊசி போட்டுப் பிழைத்தது. என் கையால்தான் வந்தது என்று சொல்ல முடியாது. இல்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

கை கழுவ வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? சுவரெல்லாம் போஸ்டர்தான். நிலைமை மாறியது, ஒவ்வொரு வார்மரிலும் ஹேண்ட் ரப் பாட்டிலைத் தொங்கவிட்ட பிறகு. 20 முதல் 30 விநாடி, கை காயும் வரை தேய்த்தால் போதும். கண்ணுக்குத் தெரியும் அழுக்கு என்றால் சோப்பும் தண்ணீரும். கிளவுஸ் போட்டால் போதும் என்ற நினைப்புதான் கடைசிவரை போகவில்லை. ஒரே கிளவுஸோடு அடுத்த குழந்தையைத் தொட்டால் அது கழுவாத கைதானே!

இன்னொன்றும் மாறியது. யார் கழுவாவிட்டாலும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம் என்றார் எங்கள் பெரிய டாக்டர். ஒருநாள் ஆயா அவரையே நிறுத்தி, "ஐயா, கை" என்றாள். அவர் பேசாமல் திரும்பிப் பாட்டிலை அழுத்தினார். வார்டே பார்த்தது.

அடுத்தவர் சொல்லி டாக்டர் கை கழுவுவது சுலபமான காரியமில்லை. 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிணப் பரிசோதனை முடித்துப் பிரசவ வார்டுக்கு வரும் டாக்டர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவச் சொன்னார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த தாய்மார் சாவு ஜூனில் இரண்டாகக் குறைந்தது. ஆனாலும் எங்கள் கையா கொன்றது என்று பல டாக்டர்களுக்கு ரோஷம் வந்தது.

பிறகொரு நாள், முழங்கை வரை கழுவிவிட்டு வந்த ஒரு தாய், குழந்தையைத் தூக்கப் போன என் கையையே பார்த்தாள். கேட்கத் தயக்கம். பாட்டிலை அழுத்திக்கொண்டே, "வாய்விட்டுக் கேளும்மா" என்றேன்.

மறுநாள் காலை ரவுண்ட்ஸில், அத்தனை டாக்டர்கள் முன்னாலும் கேட்டாள்.